வாசலில் நிற்பவர் கையில் முதல் பத்து நிமிடம்

தொழிற்சாலை, கடை, அலுவலகம் நடத்துபவர்களும் அங்கே காவல் பொறுப்பில் இருப்பவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு, பாதுகாப்புத் துறையில் வேலை செய்யும் எங்கள் குழுவின் பதில்கள்.

*

எங்கள் பனியன் கம்பெனியில் 220 பேர் வேலை செய்கிறார்கள். ஏஜென்சி மூலம் ஆறு செக்யூரிட்டிகள். வெளிநாட்டு பையரின் ஆடிட்டுக்காக ‘அவசரகாலத் திட்டம்’ என்று 42 பக்க ஃபைல் தயார் செய்து பீரோவில் வைத்திருக்கிறோம். போதுமா?
— மேலாளர், திருப்பூர்

ஆடிட்டருக்குப் போதும். ராத்திரி இரண்டு மணிக்கு கட்டிங் செக்‌ஷனில் புகை வந்தால் அந்த ஃபைலை யார் புரட்டுவார்? அந்த நேரத்தில் பீரோ சாவிகூட மேலாளர் வீட்டில் இருக்கும்.

கேட்டில் நிற்பவருக்கு வேண்டியது ஒரே ஒரு பக்கம். அதன் முதல் வரி இப்படி இருக்கட்டும்: “தீ, புகை, வாயுக் கசிவு கண்டால் பணியில் இருக்கும் காவலர் யாரையும் கேட்காமல் அலாரம் அடிக்கலாம், ஆட்களை வெளியேற்றலாம், 101-ஐ அழைக்கலாம். தவறான அலாரமாக இருந்தாலும் அவர் மீது நடவடிக்கை இல்லை.” கீழே முதலாளியின் கையெழுத்து. இந்த ஒரு வரி இல்லாவிட்டால் மற்ற 41 பக்கமும் வீண்.

இது ஏன் என்றால், பெரும்பாலான நிறுவனங்களில் காவலர் சூப்பர்வைசருக்குப் போன் போடுவார், அவர் மேலாளருக்கு, மேலாளர் முதலாளிக்கு. முதலாளி “இருங்க, நான் வர்றேன்” என்பார். அதற்குள் பதினைந்து நிமிடம் போய்விடும். 2012 நவம்பர் 24 அன்று டாக்காவை அடுத்த தஸ்ரீன் ஆயத்த ஆடை ஆலையில் அலாரம் அடித்தது. எழுந்த தொழிலாளர்களை மேற்பார்வையாளர்கள் “ஒன்றுமில்லை, உட்கார்ந்து தையுங்கள்” என்று திருப்பி அனுப்பினார்கள். 110-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2011 டிசம்பரில் கொல்கத்தாவின் ஒரு தனியார் மருத்துவமனையில் புகையைப் பார்த்து உதவிக்கு ஓடிவந்த அக்கம்பக்கத்துக்காரர்களை வாசல் காவலர்கள் உள்ளே விடவில்லை. தீயணைப்புத் துறைக்கும் தாமதமாகவே தகவல் போனது. அந்தக் காவலர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டோம். மேலிடத்தைக் கேட்காமல் எதுவும் செய்யாதே என்று பழக்கப்பட்டவர்கள், பழகியபடியே நடந்தார்கள்.

அந்தப் பக்கத்தில் இன்னும் என்ன வேண்டும்? தொலைபேசி எண்கள்: 112, 101, 108, உங்கள் பகுதித் தீயணைப்பு நிலையத்தின் நேரடி எண், ஈ.பி. பிரிவு அலுவலகம், முதலாளி, அவர் எடுக்காவிட்டால் அடுத்த இருவர். போனில் சொல்ல வேண்டிய முகவரியை இரண்டு வாக்கியமாக அப்படியே எழுதி வையுங்கள். எந்தச் சாலை, எந்த அடையாளம், பெரிய வண்டி எந்தப் பக்கமாக நுழையலாம் என்பதுவரை. உங்கள் காவலர்களில் ஒடிசா, பீகார், அசாம்காரர்கள் இருப்பார்கள். பதற்றத்தில் அவர்களுக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழும் மறந்துபோகும். அந்த இரண்டு வாக்கியத்தை இந்தி எழுத்திலும் எழுதி, மாதம் ஒருமுறை வாய்விட்டுச் சொல்ல வையுங்கள்.

அடுத்தது சாவி. மொட்டைமாடிக் கதவு, மெயின் பேனல் அறை, ஜெனரேட்டர் அறை, எல்லா ஷட்டர்கள், எல்லாவற்றுக்கும் எண் போட்டு கேட் அறையில் கண்ணாடி முகப்புப் பெட்டியில் தொங்க வேண்டும். அதன் மாற்றுச் சாவிகள் வேறு கட்டடத்தில்.

கடைசியாக, தலை எண்ணிக்கை. இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். “பயோமெட்ரிக் இருக்கிறது” என்பார்கள். கரண்ட் போனால் அந்தப் பட்டியலும் உள்ளேயே போய்விடும். ஒவ்வொரு லைன் சூப்பர்வைசரும் ஷிப்ட் தொடக்கத்தில் தன் ஆட்களின் பெயரை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும். வெளியே கூடும் இடத்தில் ஐந்து நிமிடத்துக்குள் அவர் எண்ணி முடிக்க வேண்டும். கேட் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வருவது காவலரின் வேலை. லாரி டிரைவர், மெஷின் ரிப்பேர் செய்ய வந்த மெக்கானிக், தண்ணீர் கேன் போட வந்த பையன், இவர்கள் எந்த லைனிலும் கணக்கில் வர மாட்டார்கள். தீயணைப்பு அலுவலர் இறங்கியதும் கேட்கும் முதல் கேள்வி “உள்ளே யாராவது?” என்பது. “ஒருவர், இந்தப் பெயர், கடைசியாகப் பார்த்தது இரண்டாம் மாடி அயர்னிங் பக்கம்” என்று பதில் வந்தால், அவர் எங்கே தேடுவது என்று யோசித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

*

தீ பிடித்தால் செக்யூரிட்டி அணைக்க வேண்டுமா, ஆட்களை வெளியேற்ற வேண்டுமா? எங்கள் ஜவுளிக்கடையில் மாடிக்கு நான்கு தீயணைப்பு சிலிண்டர் மாட்டியிருக்கிறோம்.
— ஜவுளிக்கடை உரிமையாளர், கோவை

இருவர் இருந்தால் ஆளுக்கொன்று. ஒருவர் மட்டும் என்றால் வரிசை இது: அலாரம், 101, அதற்குப் பிறகு சிலிண்டர்.

ஆறு கிலோ ஏபிசி பவுடர் (பல வகைத் தீக்கும் பொதுவான உலர்பொடி) சிலிண்டர் பதினைந்து இருபது விநாடியில் காலியாகிவிடும். பலர் இதை அறியாமல், ஏதோ தண்ணீர்க் குழாய் போல நினைத்து, தூரத்திலிருந்தே அழுத்திப் பாதியைக் காற்றில் விடுகிறார்கள். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று, பின்னை உருவி, தீ நாக்கின் நுனியை விட்டுவிட்டு அடிப்பகுதியைக் குறிவைத்து, இடவலமாக வீச வேண்டும். முதுகுக்குப் பின்னால் வெளியேறும் வழி இருக்கட்டும். தீ இடுப்புயரம் தாண்டிவிட்டாலோ, புகை கூரையிலிருந்து தலைமட்டத்துக்கு இறங்கிவிட்டாலோ, ஒரு சிலிண்டர் தீர்ந்தும் அணையாவிட்டாலோ வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும். சாத்திய கதவு இரண்டாவது சிலிண்டரைவிடப் பெரிய உதவி.

மின் பேனலுக்கு கார்பன் டை ஆக்சைடு. அதன் கொம்பு போன்ற வாயைக் கையால் பிடிக்கக் கூடாது, பனி போல் உறைந்து தோலைப் பிய்த்துவிடும். சின்ன அறையில் அடித்ததும் உடனே வெளியேறுங்கள். அந்த வாயு தீக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் மூச்சு முட்டவைக்கும்.

ஜவுளிக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. துணிக்கட்டில் பிடித்த தீயின் சுவாலையைப் பவுடர் அடக்கிவிடும், ஆனால் மடிப்புக்குள் கங்கு இருக்கும். “அணைச்சிட்டோம்” என்று போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய அரை மணி நேரம் கழித்து மறுபடி எரியும். தண்ணீர்தான் உள்ளே இறங்கும். அந்தப் பகுதியின் கரண்டை நிறுத்திவிட்டு ஹோஸ் ரீல் (சுவரில் சுருட்டி வைத்திருக்கும் தீயணைப்புக் குழாய்) அல்லது வாளித் தண்ணீரால் நனைத்து, கட்டைப் பிரித்து, முடிந்தால் திறந்தவெளிக்கு இழுத்துப் போட்டு, ஒரு மணி நேரமாவது ஆள் நிறுத்துங்கள்.

2017 மே 31 அதிகாலை சென்னை தியாகராய நகரில் பல மாடி ஜவுளிக்கடை ஒன்று எரிந்தது நினைவிருக்கும். ஒரு நாளுக்கு மேல் எரிந்து, கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்து, மிச்சத்தையும் இடிக்க வேண்டிவந்தது. முகப்பு முழுக்க அலங்காரத் தகடும் கண்ணாடியுமாக மூடிய கட்டடங்களில் புகை வெளியேறவும் வழியில்லை, தண்ணீர் உள்ளே போகவும் வழியில்லை. உங்கள் கடையின் ஒவ்வொரு மாடியிலும் சாலைப் பக்கம் திறக்கக்கூடிய ஜன்னல் எது என்று காவலருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தீபாவளிக்கு முன் இரண்டு மாதம் உங்கள் பின்படிக்கட்டு அட்டைப்பெட்டிக் கிடங்காக மாறும் என்று பந்தயம் கட்டத் தயார். காவலரின் ரோந்துப் பதிவேட்டில் ‘படிக்கட்டு காலி’ என்று ஒரு கட்டம் போட்டு, ஷிப்டுக்கு மூன்று முறை டிக் செய்ய வையுங்கள். மின் ஷட்டர் என்றால் கரண்ட் இல்லாமல் சங்கிலி இழுத்துத் திறக்க அவருக்குத் தெரிகிறதா என்று நேரில் பாருங்கள். இரவில் ஊழியர்கள் உள்ளே தூங்கும்போது வெளியே பூட்டுவது திருடனுக்குப் பயந்து உள்ளே இருப்பவர்களைப் பணயம் வைப்பது.

*

குறைந்த கூலிக்கு ஆள் தரும் ஏஜென்சியை எடுக்கலாமா?
— ஈரோடு

உரிமம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் மாநில அரசு தரும் உரிமம் கட்டாயம். அதன் மாதிரி விதிப்படி புதிய காவலருக்கு 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப்பயிற்சியும், குறைந்தது 20 வேலை நாளில். சான்றிதழைக் கேளுங்கள், பெரும்பாலும் ஒரு மௌனம்தான் பதிலாக வரும்.

கூலியைவிடக் கவனிக்க வேண்டியது ஆள் மாற்றம். மாதாமாதம் புது முகம் வந்தால் மெயின் சுவிட்ச் எங்கே என்று யாருக்கும் தெரியாது. புதியவர் ஒரு முழு ஷிப்ட் பழையவரோடு சுற்றாமல் தனியாக நிற்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

*

2015-லும் 2023-லும் எங்கள் பட்டறைக்குள் வெள்ளம் வந்தது. இரண்டு முறையும் நஷ்டம். புயல் எச்சரிக்கை வந்தால் செக்யூரிட்டி என்ன செய்ய வேண்டும் என்று ஒரு முறை வகுத்துத் தர முடியுமா?
— சிறுதொழில் முனைவோர், அம்பத்தூர், சென்னை

இரண்டு வெள்ளத்திலும் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று சுவரில் கறை தெரியும். அதைப் பெயின்டால் கோடு போட்டு ஆண்டை எழுதுங்கள். கேட் பக்கம், பேனல் பக்கம், ஜெனரேட்டர் பக்கம் மூன்று இடத்தில். திட்டம் முழுக்க அந்தக் கோட்டிலிருந்துதான் தொடங்குகிறது. ஜெனரேட்டர், யுபிஎஸ், சர்வர், மெயின் பேனல் எல்லாம் மேல்கோட்டுக்கு அரை மீட்டராவது மேலே போக வேண்டும். 2015 டிசம்பரில் அடையாற்றங்கரையில் ஒரு பெரிய மருத்துவமனையின் ஜெனரேட்டர் அறைக்குள்ளேயே வெள்ளம் புகுந்து, நோயாளிகளை வெள்ளத்துக்கு நடுவே வேறிடம் மாற்ற வேண்டியதாயிற்று. டீசல் இருந்தும் என்ன பயன்?

வானிலை ஆய்வு மையக் கணக்கில் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. தாண்டினால் கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை, அதற்கு மேல் அதிகனமழை. எச்சரிக்கை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற நிறங்களில் வரும்; ஒவ்வொரு நிறத்தையும் ஒரு வேலையோடு கட்டிவிடுங்கள். ‘நிலைமையைப் பார்த்துச் செய்யவும்’ என்று எழுதினால் யாரும் எதையும் பார்க்க மாட்டார்கள்.

மஞ்சள் வந்தால்: வடிகால் வாய் அடைப்பு எடுப்பது, மொட்டைமாடிக் குழாய் பார்ப்பது, டீசல் அளவு பார்ப்பது. 62.5 கேவிஏ ஜெனரேட்டர் முக்கால் சுமையில் மணிக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் குடிக்கும். ஒரு நாளுக்கு 280 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை தொடங்கிய பிறகு பங்கில் கேனுக்கு வரிசை நிற்கும்.

ஆரஞ்சு வந்தால்: தரைமட்டச் சரக்கு மேலே, வண்டிகள் மேடான இடத்துக்கு, மணல் மூட்டை வாசலுக்கு. மூட்டையை முழுக்க நிரப்பி இறுக்கிக் கட்டினால் உருண்டையாகி இடுக்கில் தண்ணீர் விடும். பாதிக்குக் கொஞ்சம் மேலே நிரப்பி, வாயை மடித்து அடியில் செருகி, செங்கல் அடுக்குவது போல மேல் மூட்டை கீழிரண்டின் இணைப்பில் உட்காரும்படி அடுக்குங்கள். இடையே ஒரு பாலித்தீன் ஷீட். இன்னொன்று, தண்ணீர் வாசல் வழியாக மட்டும் வருவதில்லை. முதலில் வருவது கழிவறைப் பீங்கான் வழியாகவும் தரைச் சாக்கடை வழியாகவும். பிளாஸ்டிக் பையில் மணல் போட்டு அந்த வாய்களை அடையுங்கள், அல்லது கழிவுக் குழாயில் பின்னோட்டத் தடை வால்வு போடுங்கள்.

சிவப்பு வந்தால்: ஆட்களை வீட்டுக்கு அனுப்புவது, இரண்டே காவலர் தங்குவது. தரைமட்டத்துக்கான மின்சாரத்தைத் தண்ணீர் முதல் பிளக் பாயின்ட்டைத் தொடுவதற்கு முன்பே நிறுத்த வேண்டும். தண்ணீர் ஏறிய பிறகு பேனலை நோக்கி யாரும் நடக்கவே கூடாது. தங்கும் இருவருக்கும் மூன்று நாளுக்கான சாப்பாடு, குடிநீர், பவர் பேங்க், டார்ச், மேல்மாடியில் படுக்க இடம். அடுத்த ஷிப்ட் ஆளின் வீடும் வெள்ளத்தில்தான் இருக்கும், அவர் வருவார் என்று நம்பாதீர்கள். 1070 மாநிலக் கட்டுப்பாட்டு அறை, 1077 மாவட்டம்.

வடிந்த பிறகுதான் பெரிய தவறு நடக்கிறது. ஆர்டர் நிற்கிறதே என்று மெஷினைப் போட்டுப் பார்ப்பது. நனைந்த மோட்டாரை உலர்த்தி, மெக்கரில் (காப்புத் தடை அளக்கும் கருவி) 500 வோல்ட்டில் சோதித்து, காப்புத் தடை குறைந்தது ஒரு மெகா ஓம் வந்த பிறகே சுவிட்ச் போடுங்கள்.

*

‘அலுவலகத்தில் வெடிகுண்டு’ என்று மின்னஞ்சல் வந்தால், புரளிதானே என்று விடலாமா?
— ஐ.டி. நிறுவன நிர்வாகப் பிரிவு, கோவை

2024 பிப்ரவரி 8 அன்று சென்னையில் ஒரே நாளில் பதின்மூன்று பள்ளிகளுக்கு அப்படி மின்னஞ்சல் வந்தது, எல்லாம் புரளி. ஆனால் புரளி என்று தீர்மானிப்பது உங்கள் வேலை இல்லை. 112-ஐ அழைத்து, காவல்துறையின் வெடிகுண்டு கண்டறியும் பிரிவு வரும்வரை அதை நிஜம் என்றே நடத்துங்கள்.

மின்னஞ்சலை அழிக்காதீர்கள், பதில் போடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. அனுப்பிய பாதையைக் காட்டும் தலைப்புத் தகவல் மூல அஞ்சலில்தான் இருக்கும். பொது முகவரி அஞ்சல்பெட்டியை ராத்திரியில் யார் பார்க்கிறார்கள் என்றும் ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் மறுநாள் காலை பத்தரைக்குத்தான் திறக்கிறார்கள். போனில் வந்தால், பேச்சை நீட்டுங்கள்: எங்கே, எப்போது, பார்க்க எப்படி இருக்கும், யார் வைத்தது. சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள், பின்னணியில் ரயில் சத்தமா, பள்ளி மணியா என்பதையும்.

தேடுவதற்கு அந்த அறையில் தினமும் உட்காருபவரே சிறந்தவர். எது புதிது என்று காவலருக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். இருவராக நுழைந்து, அசையாமல் நின்று காது கொடுத்து, முதலில் தரையிலிருந்து இடுப்புவரை, பிறகு இடுப்பிலிருந்து தலைவரை, கடைசியில் பொய்க்கூரை. சந்தேகப் பொருளைத் தொடாதீர்கள், அதிலிருந்து 15 மீட்டருக்குள் வாக்கி-டாக்கியோ செல்போனோ இயக்காதீர்கள். விலகும் தூரம் பை அளவுக்கு 100 மீட்டர், கார் என்றால் 200, லாரி என்றால் 400.

தீ ஒத்திகையிலிருந்து மாறுபடும் இரண்டு விஷயம் உண்டு. தீயில் பையை விட்டுவிட்டு ஓட வேண்டும், இதில் அவரவர் பையைக் கையோடு எடுத்துப் போனால் தேடுபவருக்குச் சந்தேகப் பொருள் குறையும். இன்னொன்று, வழக்கமான கூடும் இடம் வாகன நிறுத்தத்தை ஒட்டியே இருக்கும். ஆட்களை வெளியே அனுப்புவதற்கு முன் போகும் வழியையும் கூடும் இடத்தையும் ஒருவர் பார்த்து வந்தாக வேண்டும்.

*

துணி திருடியதாகச் சந்தேகப்படும் பெண்ணை எங்கள் செக்யூரிட்டி அறையில் உட்கார வைத்து விசாரிக்கலாமா?
— சேலம்

கூடாது. காவலருக்கு போலீஸ் அதிகாரம் எதுவும் கிடையாது. கண்ணெதிரே, ஜாமீனில் விட முடியாத, வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்தால் எந்தக் குடிமகனும் பிடிக்கலாம் என்று பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 40-ஆம் பிரிவு சொல்கிறது. அப்போதும் தாமதமில்லாமல், அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். சந்தேகம் அதற்குள் வராது. பெண்ணைப் பெண் காவலர் மட்டுமே சோதிக்கலாம், அதுவும் அவர் சம்மதித்தால். பூட்டிய அறை, மிரட்டி எழுதி வாங்கிய கடிதம், இவை வழக்கை உங்கள் மீதே திருப்பிவிடும். சிசிடிவி பதிவைத் தனியே எடுத்து வைத்துப் புகார் கொடுங்கள்.

*

மீன் பதப்படுத்தும் ஆலையில் அம்மோனியா குளிரூட்டும் அமைப்பு இருக்கிறது. கசிந்தால் எல்லோரையும் கேட்டுக்கு ஓடச் சொல்லியிருக்கிறோம். சரியா?
— தூத்துக்குடி

காற்று கேட் பக்கம் வீசினால் அவர்களை வாயுவுக்குள்ளேயே அனுப்புகிறீர்கள். அம்மோனியா காற்றைவிட லேசானதுதான், ஆனால் குழாயிலிருந்து பீறிடும்போது கடும் குளிர்ச்சியோடு துளிகளாக வருவதால் முதலில் தரையோடு படர்ந்து போகும். கூடும் இடம் இரண்டு வேண்டும், எதிரெதிர்த் திசையில். ஒவ்வொரு கதவிலிருந்தும் கண்ணில் படும்படி காற்றுத் திசை காட்டும் துணிக்குழல், இரவில் அதன்மேல் ஒரு விளக்கு. புகைமண்டலத்தின் குறுக்காக விலகி, பிறகு காற்று வரும் திசையை நோக்கி நடக்க வேண்டும். அலாரத்தோடு ஒலிபெருக்கியில் காவலர் சொல்ல வேண்டியது ஒரே சொல்: “கிழக்கு” அல்லது “மேற்கு”.

அம்மோனியா தண்ணீரில் உடனே கரையும் என்பதால் ஈரத்துணியை மூக்கில் கட்டுவது வெளியேறும் அந்தச் சில நிமிடத்துக்கு உதவும். வால்வை மூட உள்ளே போவதற்கு உதவாது. காற்று சிலிண்டரோடு கூடிய முழு மூச்சுக் கருவி இல்லாமல் யாரும் உள்ளே போகக் கூடாது. முகத்தில் வடிகட்டி மாட்டிக்கொண்டு போகிற வீரம் வேண்டாம். 300 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 300 பங்கு) அளவிலேயே உயிருக்கு ஆபத்து, உள்ளே எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியாது. ஆவியின் மீது தண்ணீரைத் தூறலாக அடிக்கலாம். தரையில் தேங்கிய திரவத்தின் மீது ஊற்றினால் அது கொதித்து இன்னும் ஆவியைக் கிளப்பும். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது பதினைந்து நிமிடம், ஆம்புலன்ஸ் வந்துவிட்டதே என்று பாதியில் நிறுத்தாமல்.

1989-ஆம் ஆண்டின் அபாயகர ரசாயன விதிகளில் ஆலைக்குள் அவசரகாலத் திட்டம் கட்டாயமாகும் அளவுக்கு நீங்கள் சேமிப்பவர் என்றால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகையும் கட்டாயம். அளவு குறைந்தாலும் செய்யுங்கள், வாயுவுக்கு அந்த அட்டவணை தெரியாது.

*

காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் எல்லா ஃபைலும் பூட்டப்பட்டு, பணம் கேட்டு ஒரு செய்தி. பக்கத்துக் கம்பெனிக்கு இப்படி ஆகியிருக்கிறது. எங்களுக்கு வந்தால்?
— வீட்டு ஜவுளி ஏற்றுமதியாளர், கரூர்

நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை நிறுத்துங்கள், ஆனால் கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள்; நினைவகத்தில் இருக்கும் தடயம் போய்விடும். துண்டிக்கவே வழியில்லாமல் கண்ணெதிரே பரவினால் மட்டும் அணைக்கலாம். திரையை செல்போனில் படம் எடுங்கள். பேக்கப் டிஸ்க்கை “சரியா இருக்கா பார்ப்போம்” என்று அதே மெஷினில் செருகாதீர்கள், அதுவும் பூட்டிக்கொள்ளும்.

கணினித் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவின்படி, சம்பவம் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும், கணினிகளின் செயல்பாட்டுப் பதிவுகளை (லாக்) 180 நாள் வைத்திருக்க வேண்டும். இரண்டும் சின்ன நிறுவனத்துக்கும் பொருந்தும்.

பேக்கப் என்றால் மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியே, நெட்வொர்க்கில் இணையாமல். 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற நாசகார மென்பொருளின் தாக்குதலில் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் கணினி வலையமைப்பு உலகம் முழுக்க முடங்கியது. பயனர் விவரங்களைத் தாங்கும் முக்கிய சர்வர்கள் எல்லாம் அழிந்த நிலையில், கானா நாட்டு அலுவலகத்தில் ஒன்று மட்டும் தப்பியிருந்தது. காரணம், தாக்குதல் நேரத்தில் அங்கே கரண்ட் இல்லை! அதை வைத்துத்தான் மீண்டும் எழுப்பினார்கள். நம்ம ஊர் பவர்கட்டை இனிமேல் யாரும் குறை சொல்லக் கூடாது.

கேட் காவலருக்கும் இதில் வேலை உண்டு. “நெட் சர்வீஸ்” என்று வருபவரை, வரச் சொன்னவரின் பெயரைக் கேட்டு அவரிடமே போனில் உறுதி செய்யாமல் சர்வர் அறைக்கு விடக் கூடாது. உங்கள் சிசிடிவி பெட்டி வாங்கிய நாளின் பாஸ்வேர்டோடு அலுவலக நெட்வொர்க்கிலேயே இணைந்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

ஏற்றுமதியாளர்களை இதைவிட அதிகம் வீழ்த்துவது வேறொன்று: சப்ளையர் பெயரில் “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது” என்று வரும் மின்னஞ்சல். அந்த மின்னஞ்சலில் இருக்கும் எண்ணுக்கு அழைக்காமல், உங்களிடம் முன்பே இருக்கும் எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். பணம் போய்விட்டால் அடுத்த நிமிடமே வங்கிக்கும் 1930-க்கும் சொல்லுங்கள்.

*

ஒத்திகை என்றால் தொழிலாளர்கள் சிரித்துக்கொண்டே வெளியே வந்து செல்பி எடுக்கிறார்கள். உற்பத்தியும் கெடுகிறது. பலன் உண்டா?
— பணியாளர் துறை அலுவலர், ஓசூர்

220 பேர் வேலை செய்யும் ஆலை என்று வைத்துக்கொண்டால், பன்னிரண்டு நிமிட ஒத்திகைக்கு 44 மனித மணி நேரம். அவ்வளவுதான் விலை.

நியூயார்க்கில் மார்கன் ஸ்டான்லி நிறுவனத்தின் பாதுகாப்புத் தலைவராக இருந்தவர் ரிக் ரெஸ்கார்லா. 1993-இல் உலக வர்த்தக மையத்தில் குண்டு வெடித்த பிறகு, அடுத்தது வரும் என்று சொல்லி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெரிய அதிகாரிகள் உட்பட எல்லோரையும் படியிறங்க வைத்தார். முணுமுணுத்தார்கள். 2001 செப்டம்பர் 11 அன்று பக்கத்துக் கோபுரம் எரியத் தொடங்கியதும், “இருக்கையிலேயே இருங்கள்” என்ற கட்டட அறிவிப்பை அவர் பொருட்படுத்தாமல் ஒலிபெருக்கியை எடுத்துக்கொண்டு இறக்கத் தொடங்கினார். அங்கிருந்த சுமார் 2,700 ஊழியர்களில் மிகப் பெரும்பாலோர் பிழைத்தார்கள். விடுபட்டவர்களைத் தேடி மறுபடி மேலே போன அவர் திரும்பவில்லை.

உங்கள் ஒத்திகையில் சிரிப்பு வருவதற்குக் காரணம், அதில் கண்டுபிடிக்க எதுவும் இல்லாதது. அறிவித்த நேரம், திறந்த கதவு, பகல் வெளிச்சம். அடுத்த முறை ஒரு படிக்கட்டில் ‘இங்கே தீ’ என்று அட்டை தொங்கவிடுங்கள். ஒருவரைக் கழிவறையில் ஒளிந்திருக்கச் சொல்லுங்கள், எண்ணிக்கையில் அவர் குறைவது எத்தனை நிமிடத்தில் தெரிகிறது என்று பாருங்கள். பலமுறை ‘எல்லோரும் வந்தாச்சு’ என்றே அறிக்கை வரும்! இரவு ஷிப்டிலும் ஒன்று நடத்துங்கள். ஒவ்வொரு படிக்கட்டிலும் கடைசி ஆள் இறங்கிய நேரத்தைக் காவலர் குறிக்கட்டும். முடிந்ததும் இருபது நிமிடம் உட்கார்ந்து மூன்று குறையை மட்டும் எழுதி, யார், எந்தத் தேதிக்குள் சரிசெய்வார் என்று போடுங்கள். முப்பது குறை எழுதினால் ஒன்றும் நடக்காது.

*

விபத்து நடந்த அன்று பத்திரிகைக்காரர்களும் உறவினர்களும் கேட்டில் கூடிவிட்டார்கள். காவலர் என்ன பேசலாம்?
— விருதுநகர்

இரண்டு கூட்டத்தையும் ஒரே கேட்டில் நிறுத்தியதுதான் முதல் பிழை. உறவினர்களுக்கு உள்ளே ஓர் அறை, நாற்காலி, தண்ணீர், அவர்களோடு இருக்க ஒரு பெண் அலுவலர், அரை மணிக்கு ஒருமுறை தகவல். தகவல் இல்லாவிட்டால் ‘இன்னும் தெரியவில்லை, நாலரைக்கு மறுபடி வருகிறேன்’ என்றாவது சொல்லி, சொன்னபடி வர வேண்டும். இறந்தவர் பெயரைக் குடும்பத்துக்குச் சொல்லும் முன் எந்த வாட்ஸ்அப் குழுவிலும் வரக் கூடாது.

செய்தியாளரிடம் காவலர் சொல்ல வேண்டியது: “இன்னார் ஐந்து மணிக்குப் பேசுவார், அந்த மரத்தடியில் இடம் போட்டிருக்கிறோம்.” கேமராவைத் தள்ளுவது, ‘உள்ளே ஒன்றும் நடக்கவில்லை’ என்பது, இரண்டும் கூடாது. ஆம்புலன்ஸ் போகும் கேட் வேறாக இருக்கட்டும். ஒரே கேட்தான் என்றால் கயிறு கட்டிப் பாதி அகலத்தை வண்டிக்கென்று ஒதுக்குங்கள்.

*

பன்னிரண்டு மணி நேர இரவு ஷிப்டில் காவலர் தூங்காமல் இருக்க வழி?
— நாமக்கல்

எட்டு மணி நேரமாக்குங்கள்.